திருகிய அரைநிலா: சுவரா, நாற்காலியா, கட்டையா, தரையா?

பரிவிருத்த அர்த்த சந்திராசனம். 'பரிவிருத்த' என்றால் சுற்றித் திரும்பிய, 'அர்த்த சந்திர' என்றால் அரைநிலா. வலது காலில் நிற்க வேண்டும். இடது காலைப் பின்னால் இடுப்பு உயரத்துக்குத் தூக்க வேண்டும். உடம்பு தரைக்கு இணையாகச் சாய, இடது கை கீழே ஊன்ற, மார்பு வலப்பக்கம் திரும்ப, வலது கை வானத்தை நோக்கி நீளும். அடுத்து மறுபக்கம். (நின்றபடி பக்கவாட்டில் வளைவதையும் சில மரபுகளில் அர்த்த சந்திராசனம் என்கிறார்கள். நான் பேசுவது அதைப் பற்றி அல்ல.)

இந்த ஆசனத்தில் இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. ஒற்றைக்காலில் நிலைத்து நிற்பது ஒன்று, முதுகுத்தண்டைத் திருகுவது மற்றொன்று. தனித்தனியாகச் செய்தால் இரண்டுமே பெரிய விஷயம் இல்லை. விருக்ஷாசனத்தில் நிற்கத் தெரிந்தவர்கள் பலர், உட்கார்ந்து திரும்பத் தெரிந்தவர்கள் அதைவிடப் பலர். சேர்த்துச் செய்யும்போதுதான் சிக்கல். தள்ளாடும் உடம்பு எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். இறுகிய முதுகைத் திருப்பினால், திரும்பக்கூடாத இடத்தில் போய்த் திரும்பும்.

இதை என் இடுப்பு எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு வகுப்பில் நான் இந்த நிலையில் ஆடிக்கொண்டிருந்தபோது, ஆசிரியர் நல்லெண்ணத்தோடுதான் வந்து தோளைப் பிடித்து இன்னும் கொஞ்சம் திருப்பிவிட்டார். அந்த நொடியில் வலி ஏதும் இல்லை. மறுநாள் காலை கட்டிலிலிருந்து எழும்போது, பிட்டத்துக்கு மேலே குழி விழும் இடத்தில், வலப்பக்கம், ஊசி இறங்கியதுபோல் இருந்தது. அது அடங்க ஐந்து மாதம் ஆயிற்று. அதன்பிறகு இந்த ஆசனத்தைப் பழக எத்தனை வழிகள் உண்டோ அத்தனையையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். வீட்டில் பெரியம்மா, தம்பி, பக்கத்து வீட்டு அக்கா என்று ஆளுக்கொரு உடம்பு. ஒருவருக்குப் பொருந்தியது மற்றவருக்குப் பொருந்தவில்லை. ஆகவே 'எது சிறந்தது' என்ற கேள்வியை விட்டுவிட்டு, 'யாருக்கு எது' என்று எழுதுகிறேன்.

திருகு எங்கிருந்து வருகிறது

இடுப்புப் பகுதி முதுகெலும்புகள் ஐந்து. அவற்றுக்கு இடையே உள்ள சிறு மூட்டுகள் முன்னும் பின்னும் வளையத் தோதாக அமைந்தவை, சுழல அல்ல. ஐந்தும் சேர்ந்து ஒரு பக்கம் திரும்புவது 5 முதல் 10 பாகை அளவுதான். விலா எலும்புகள் சேரும் மார்புப் பகுதியில் 12 எலும்புகள். அங்கே மூட்டுகளின் முகம் வேறு திசையில் இருப்பதால் 30, 35 பாகை வரை திரும்ப முடியும். கழுத்து ஒரு பக்கம் சுமார் 80 பாகை திரும்பும். அதில் ஏறத்தாழ பாதி முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையில் மட்டுமே நடக்கிறது. மிச்சத் திருப்பம் தொடை எலும்பின் பந்து அமர்ந்திருக்கும் இடுப்பு மூட்டிலிருந்து வருகிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. 'நாரியை, அதாவது கீழ் முதுகை, திருப்பு' என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அங்கே திருப்புவதற்கு அதிகம் இல்லை. திரும்ப வேண்டியது விலாக்கூடு. தொடையின் பின்தசை இறுகியவர்கள் குனியும்போது இடுப்பு முன்னோக்கிச் சாயாது, அதற்குப் பதில் முதுகு கூன்போடும். கூன்போட்ட முதுகைத் திருகுவதுதான் இந்த ஆசனத்தின் உண்மையான ஆபத்து. முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுகளின் வெளிச்சுவர் நார்கள் மாறி மாறிச் சாய்வாகப் பின்னப்பட்டவை. திருகும்போது ஒரு திசை நார்கள் மட்டும் இழுபட, மறுதிசை நார்கள் தளர்ந்துவிடும். குனிதலும் அதோடு சேர்ந்தால் பாதிப் பின்னலே முழுச் சுமையையும் தாங்க நேரிடும்.

வகுப்புகளில் இரண்டு விதமான கட்டளைகள் உலவுகின்றன. 'இடுப்பை அசைக்காதே, சதுரமாக வை' என்பது ஒன்று. 'இடுப்பும் கூடவே போகட்டும்' என்பது மற்றொன்று. முதலாவதைப் பிடிவாதமாகக் கடைப்பிடித்தால், கூபகமும் (இடுப்பெலும்புக் கூடு) முதுகெலும்பின் அடியில் உள்ள திருவெலும்பும் சேரும் மூட்டின் மேல் சுமை விழுகிறது. எனக்கு வலித்தது அங்கேதான். இரண்டாவதை அப்படியே விட்டுவிட்டாலோ இடுப்பு முழுதும் சுழன்றுவிடும். தூக்கிய கால் ஒரு பக்கம் தொங்கிப் போகும், மார்பு திரும்பவே செய்யாது, சமநிலையும் கெடும். இடுப்பு இரண்டு விரற்கடை அளவு நகர்ந்தால் நகரட்டும், அதற்கு மேல் வேண்டாம் என்பது நான் வைத்துக்கொண்ட கணக்கு. நகர்ந்ததா என்று கண்ணாடியில் பார்க்கத் தேவையில்லை. தூக்கிய காலின் விரல்கள் நேராகத் தரையைப் பார்க்கின்றனவா என்று கவனித்தால் போதும்.

முதலில் எது தோற்கிறது?

எந்தத் துணையைத் தேர்ந்தெடுப்பது என்பது, உங்கள் உடம்பில் எது முதலில் கைவிடுகிறது என்பதைப் பொறுத்தது. அதைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகளைச் செய்து பார்க்கச் சொல்வேன். மூன்றுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் போதும்.

சுவரை ஒட்டி, தொடாமல், ஒற்றைக்காலில் நில்லுங்கள். 20 நொடி நிற்க முடிந்தால், தலையை மட்டும் மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராகப் பார்க்கும்போது சிலைபோல் நின்றவர்கள்கூட இங்கே ஆடிப்போவார்கள். கண், உட்காது, பாதமும் மூட்டுகளும் தரும் தகவல் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் உடம்பு நிலைக்கிறது. தலை திரும்பியதும் முதல் இரண்டும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. இங்கே ஆடினால் உங்களுக்கு முதலில் தோற்பது சமநிலை.

அடுத்து, சமையல் மேடை முன்னால் நின்று இரு கைகளையும் மேடை விளிம்பில் வைத்து, முழங்காலை நேராக வைத்தபடி பின்னால் நகர்ந்து குனியுங்கள். முதுகு மேசைப் பலகைபோல் நேராக வந்தால் நல்லது. அதற்கு முன்பே கூன் விழுந்தால், தொடைப் பின்தசைதான் தடை.

மூன்றாவது சோதனைக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொள்ளுங்கள். கைகளை மார்பின் மேல் குறுக்காகக் கட்டித் திரும்புங்கள். புத்தகம் நழுவாமல் தோள்கள் சுமார் 45 பாகை திரும்பினால் நடு முதுகு நன்றாக இருக்கிறது. அதற்கு முன்பே முட்டியுடன் கூபகமும் சேர்ந்து திரும்பினால் நடு முதுகு இறுகியிருக்கிறது. கணினி முன்னால் நாளெல்லாம் உட்காருகிறவர்களில் அநேகர் இங்கே நிற்பார்கள்.

சுவர்

சமநிலை முதலில் தோற்பவர்களுக்குச் சுவர்தான் முதல் தேர்வு. காசு செலவில்லை, நழுவாது, எந்த வீட்டிலும் இருக்கிறது. ஆனால் சுவரை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். இரண்டும் தரும் பலன் வேறு.

ஒன்று, தூக்கிய காலின் பாதத்தைச் சுவரில் பதிப்பது. தூரம் சரியாக அமைய ஒரு பழைய உத்தி உண்டு. பாதங்கள் சுவரைத் தொடும்படி கால் நீட்டித் தண்டாசனத்தில் உட்காருங்கள். பிட்டம் எங்கே முடிகிறதோ, அங்கே நிற்கும் காலின் குதிகால் வர வேண்டும். பிறகு எழுந்து சுவருக்கு முதுகு காட்டி நின்று, குனிந்து, ஒரு காலைத் தூக்கி இடுப்பு உயரத்தில் சுவரில் அழுத்துங்கள். இடுப்புக்கு மேலே போகக்கூடாது. போனால் நாரியில் பள்ளம் விழும். குதிகாலால் சுவரைத் தள்ளும்போது அந்தத் தள்ளல் காலின் வழியாக வந்து கூபகத்தைப் பிடித்துக்கொள்வதை உணரலாம். இந்த ஆசனத்தில் எனக்கு முதன்முதலாக மூச்சு சீராக ஓடியது இப்படி நின்றபோதுதான். சுண்ணாம்பு அடித்த சுவர் என்றால் பொடி உதிர்ந்து பாதம் வழுக்கும், துடைத்துவிட்டுச் செய்யுங்கள். காலுறை கூடவே கூடாது. எண்ணெய் தேய்த்துக்கொண்ட நாளில் கை கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் இதன் பக்கமே போக வேண்டாம். மொசைக் தரையில் நல்லெண்ணெய் பட்ட பாதம் என்ன செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும்.

மற்றது, சுவரைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்வது. வலது காலில் நின்று வலப்பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்றால் சுவர் வலப்பக்கம் இருக்க வேண்டும். திரும்பியதும் மார்பு சுவரைப் பார்க்கும், வலது உள்ளங்கையைச் சுவரில் ஊன்றலாம். நான் பார்த்தவரை, இந்த ஆசனத்தில் ஆட்கள் பெரும்பாலும் நிற்கும் காலின் வெளிப்பக்கமாகத்தான் சாய்கிறார்கள். சுவர் அங்கேயே இருப்பதால் விழப் பயமில்லை. பயம் போனதும் தோள் இறுக்கம் போய்விடுகிறது, திருகு தானாகக் கூடுகிறது. ஆனால் இதில் ஒரு வலை இருக்கிறது. கையால் சுவரைத் தள்ளித் தள்ளி, முதுகுத் தசை செய்ய வேண்டிய வேலையைக் கை செய்துவிடும். கை துணைக்கு மட்டும் இருக்கட்டும். கையை ஒரு நொடி எடுத்துப் பாருங்கள், திருகு அப்படியே நின்றால் அது உங்களுடையது. பின்னால் துள்ளிப் போனால் சுவரிடம் கடன் வாங்கியது.

இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால், முதல் இரண்டு மாதம் பாதம் சுவரில், அதன்பிறகு பக்கச் சுவர். இந்த வரிசையில் என் தம்பிக்கு நன்றாக வந்தது. அவனுக்கு முதலில் பக்கச் சுவரைக் கொடுத்தபோது கையால் தள்ளி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நாற்காலி

தொடைப் பின்தசை இறுகியவர்களுக்கு, சுவரைவிட நாற்காலி முக்கியம். கை ஊன்றும் இடம் 17, 18 அங்குலம் உயர்ந்துவிடுவதால் முதுகு கூன்போடத் தேவையில்லை. உடம்பு தரைக்கு இணையாகப் போகாமல் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் எந்தக் குறையும் இல்லை. நேரான முதுகோடு 40 பாகை குனிந்து திரும்புவதுதான், கூன்போட்ட முதுகோடு 90 பாகை குனிந்து திரும்புவதைவிட அந்த ஆசனத்துக்கு நெருக்கமானது. இதில் எனக்கு ஐயமே இல்லை.

தலை இதயத்துக்குக் கீழே போகாதது இன்னொரு நன்மை. கண்ணழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவர்கள் தலைகீழான நிலைகளைத் தவிர்க்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் குனிந்து நிமிரும்போது தலை சுற்றலாம். இருவருக்கும் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு நாற்காலி மட்டுமே வழி.

எந்த நாற்காலி என்பதைத்தான் பெரும்பாலானோர் யோசிப்பதில்லை. வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியின் ஓரத்தில் ஒரு கையின் பாரம் விழுந்தால் கால்கள் அகன்று வழுக்கிவிடும். மரநாற்காலியோ, கனமான இரும்பு மடக்கு நாற்காலியோ எடுங்கள். முதுகுச் சாய்ப்பு சுவரோடு ஒட்டியிருக்கட்டும், கால்கள் விரிப்பின் மேல் நிற்கட்டும். கையை இருக்கையின் நடுவில் ஊன்றுங்கள், ஓரத்தில் வேண்டாம்.

ஒற்றைக்காலைத் தூக்கவே பயம் என்பவர்களுக்கு இதிலேயே ஓர் இடைநிலை உண்டு. பின்காலைத் தூக்காமல், பெருவிரல் நுனி மட்டும் தரையில் பட வைத்துக்கொண்டு திரும்புவது. பாரத்தில் பெரும்பங்கு முன்காலில் இருக்கும், விரல் நுனி வெறும் காவல். பக்கத்து வீட்டு அக்கா மூன்று மாதம் இதிலேயே இருந்தார். ஒருநாள் அவர் அறியாமலே விரல் தரையை விட்டு எழும்பியிருந்தது.

கட்டை

பிளாக் என்று கடைகளில் விற்கும் நுரைக்கட்டை பொதுவாக 9 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 4 அங்குலக் கனம். மூன்று உயரங்களில் வைக்கலாம். நாற்காலியில் முதுகு நேராக நின்று பழகியவர்கள் அடுத்து இறங்க வேண்டிய படி இது. நுரையைவிட மரக்கட்டை அசையாமல் நிற்கும்.

வாங்க முடியாதவர்கள் செங்கல்லைப் பழைய பருத்தித் துணியில் சுற்றிப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊர்ச் செங்கல்லும் ஏறத்தாழ 9 அங்குலம்தான். ஆனால் செங்குத்தாக நிறுத்தினால் அடி குறுகலாகி ஆடும், துணி சுற்றியதால் டைல்ஸில் சறுக்கவும் செய்யும். கிடைமட்டமாக, விரிப்பின் மேல் மட்டுமே வையுங்கள். உயரம் வேண்டுமென்றால் செங்கல்லை நிமிர்த்தாமல் நாற்காலிக்கே திரும்புங்கள்.

வைக்கும் இடம் முக்கியம். கட்டை, ஊன்றும் கையின் தோளுக்கு நேர் கீழே, நிற்கும் காலின் பெருவிரல் பக்கம் இருக்கட்டும். சுண்டுவிரல் பக்கம் வைத்தால் திருகு ஆழமாகும், சமநிலை பாதியாகும். கையில் பாரத்தைக் கொட்டாதீர்கள். மணிக்கட்டு வலித்தால் கால் வேலை செய்யவில்லை என்று பொருள்.

தரையில் படுத்து

நடு முதுகு இறுகியவர்களுக்கும், வயதானவர்களுக்கும், முன்பு அடிபட்டவர்களுக்கும் நான் முதலில் கொடுப்பது இதைத்தான். மல்லாந்து படுத்து, வலது பாதத்தில் பெல்ட்டையோ பழைய துப்பட்டாவையோ மாட்டி, இரு நுனிகளையும் இடது கையில் பிடித்துக்கொள்ளுங்கள். காலை மேலே நீட்டி, மெதுவாக உடம்பின் குறுக்கே இடப்பக்கம் கொண்டு போங்கள். வலது தோள் தரையை விட்டு எழும்பக்கூடாது. பாதம் தரைக்கு எட்டாவிட்டால் தலையணை ஒன்றைக் கீழே வையுங்கள், நாரி இழுத்தால் முழங்காலை மடக்குங்கள்.

நின்று செய்யும் ஆசனத்தை மனத்தில் படுக்கவைத்துப் பாருங்கள். வலது இடுப்பு மடிந்திருக்கிறது, கூபகம் இடப்பக்கம் உருள்கிறது, மார்பு அதற்கு எதிராக வலப்பக்கம் நிற்கிறது. அங்கும் இங்கும் ஒரே வடிவம். விழுவது என்ற பேச்சு மட்டும் இங்கே இல்லை. எந்த விலா திரும்புகிறது, எந்த இடம் பிடித்துக்கொள்கிறது என்று நிதானமாகக் கவனிக்கலாம்.

67 வயதுப் பெரியம்மாவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது அவர் கேட்டார்: "ஏன்டி, படுத்துக்கிட்டே ஆகுதுன்னா, பொறகு எதுக்கு ஒத்தக் கால்ல நிக்கணும்?"

நியாயமான கேள்வி. திருகு மட்டும் வேண்டுமென்றால் நிற்கவே தேவையில்லை. நிற்பது கால்களுக்காக. வயதான காலத்தில் குளியலறையில் கால் தடுக்கும்போது உடம்பைத் தூக்கி நிறுத்தப்போவது கணுக்காலும் இடுப்புத் தசையும்தான், அவற்றுக்குப் படுத்த நிலை எதையும் கற்றுக்கொடுக்காது. அதனால் பெரியம்மாவுக்கு இரண்டையும் பிரித்துக் கொடுத்தேன். திருகைப் படுத்துச் செய்கிறார். நிற்பதை, ஒரு கை சுவரில் வைத்து விருக்ஷாசனமாகச் செய்கிறார். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் திட்டம் அவருக்கு இல்லை, தேவையும் இல்லை. எலும்பு மெலிந்தவர்களுக்குக் குனிந்து திருகுவது முதுகெலும்பையே நொறுக்கிவிடக்கூடும். படுத்த நிலையிலும் அவர்கள் பாதி தூரத்தோடு நிற்க வேண்டும், பெல்ட்டை இழுத்துக் கடைசி வரை போகக்கூடாது.

ஆசிரியரின் கை

இதையும் ஒரு வழியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பல வகுப்புகளில் இதுதான் முதல் வழி. இடுப்பின் இருபுறமும் கை வைத்து ஆடாமல் பிடித்துக்கொள்ளும் ஆசிரியர் கிடைத்தால் நல்லது. தோளைப் பிடித்துத் திருப்பும் கை வேண்டாம். முதலாவது உங்கள் சமநிலைக்குத் துணை. இரண்டாவது, உங்கள் நரம்புகள் 'போதும்' என்று சொல்வதை உங்களுக்கே கேட்காமல் செய்துவிடும். 'தோளைத் திருப்ப வேண்டாம், பிடித்துக்கொண்டால் போதும்' என்று சொல்லத் தயங்காதீர்கள். அன்று நான் தயங்கினேன்.

இரண்டு வழிகள், ஒரே ஊற்று

புனேயில் யோக ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் வளர்த்த வழி, கட்டை, பெல்ட், நாற்காலி, சுவர்க் கயிறு என்று துணைக்கருவிகளை வைத்து உடம்பை ஆசனத்தின் வடிவத்துக்கு நெருக்கமாகக் கொண்டு போவது. 1975-இல் அவர் அங்கே திறந்த ரமாமணி ஐயங்கார் நினைவு யோகா நிறுவனத்திலிருந்துதான் இந்தக் கருவிகள் உலகமெங்கும் பரவின. சென்னையில் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் கடைசிக் காலப் பாடமும், அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தின் வழியும் வேறு. ஆசனத்தை ஆளுக்கு ஏற்றபடி மாற்றுவது, மூச்சை அளவுகோலாக வைப்பது. ஐயங்காரும் கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவர்தான், அவருடைய மைத்துனரும்கூட. ஒரே ஊற்றிலிருந்து பிரிந்த இரண்டு கால்வாய்கள்.

இந்த ஆசனத்துக்கு எனக்கு இரண்டுமே தேவைப்பட்டன. எங்கே கை வைப்பது, எங்கே கால் வைப்பது என்பதற்குப் புனே. எப்போது நிறுத்துவது என்பதற்குச் சென்னை. மூச்சை இழுக்கும்போது முதுகு நீள வேண்டும், விடும்போது திரும்ப வேண்டும். மூச்சு துண்டுபடத் தொடங்கினால் அந்த நாளின் எல்லை வந்துவிட்டது. முன்பெல்லாம் வலியை எல்லையாக வைத்திருந்தேன். வலி தாமதமாக வரும், என் விஷயத்தில் ஓர் இரவு கழித்து வந்தது. மூச்சு அந்தக் கணமே சொல்லிவிடும்.

நேரமும் விலக்கும்

அதிகாலை எழுந்ததும் யோகா என்பது நம் வழக்கம். மூச்சுப் பயிற்சிக்கும் தியானத்துக்கும் அது அருமையான நேரம். குனிந்து திருகுவதற்கு அல்ல. இரவு முழுதும் படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியும்போது அவற்றின் மேல் விழும் அழுத்தம் கூடுதல். வாசல் தெளித்து, கோலம் போட்டு, வீட்டு வேலையில் கொஞ்சம் நடமாடிய பிறகு செய்யுங்கள். நான் இப்போது மாலையில், சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துச் செய்கிறேன்.

வட்டு நழுவியவர்கள், வயிற்றில் அறுவை செய்து ஆறாதவர்கள், கருவுற்றவர்கள், தலைச்சுற்றல் நோய் உள்ளவர்கள் இந்த ஆசனத்தை எந்தத் துணையோடும் செய்ய வேண்டாம். கழுத்துத் தேய்மானம் உள்ளவர்கள் மேலே பார்க்காமல் தரையையே பார்க்கலாம், அதனால் ஆசனத்துக்கு எந்தக் குறையும் வராது. சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக இருந்து பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நிலைத்து நிற்க உதவும் மூன்று தகவல்களில் ஒன்று அவர்களுக்கு வருவதில்லை. தாங்கள் சாய்வது அவர்களுக்கே தாமதமாகத்தான் தெரியும். அவர்களுக்குச் சுவர்கூடப் போதாது. நாற்காலியில் பக்கவாட்டாக உட்கார்ந்து, சாய்ப்பைப் பிடித்துத் திரும்பும் பரத்வாஜாசனம் போதும், அதுவே நிறைவானது.

எந்த வரிசையில், எப்படி இறங்குவது

எந்தத் துணையைத் தேர்ந்தெடுத்தாலும் முன்னால் திரிகோணாசனமும், கால்களை முன்பின்னாக வைத்துக் குனியும் பார்சுவோத்தானாசனமும் செய்து தொடையை இளக்குங்கள். நிலையில் நிற்கும்போது முழங்கால் சில்லு இரண்டாம் விரலுக்கு நேராக இருக்கட்டும். முழங்காலைப் பின்னால் பூட்டாமல் ஒரு நூல் அளவு தளர்த்தி வையுங்கள். பார்வை முதலில் தரையில், பிறகு பக்கத்தில், மாதங்கள் கழித்து மேலே. ஐந்து மூச்சு போதும். முடித்ததும் பின்வளைவுக்குத் தாவாமல், மல்லாந்து படுத்து இரு முழங்கால்களையும் மார்புக்கு அணைத்து ஆறேழு மூச்சு விடுங்கள். திருகிய முதுகை இருபக்கமும் சமமாக்க அதுதான் ஏற்றது.

ஆசனத்தில் ஏறும்போது எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். இறங்கும்போதுதான் விழுகிறார்கள். ஆகவே இறங்குவதை முதல் நாளே, நிலைக்குப் போகும் முன்பே, தனியாகப் பழகுங்கள். பார்வையைத் தரைக்குக் கொண்டுவாருங்கள். மேலே நீண்ட கையை இடுப்பில் வையுங்கள். மார்பைத் தரைப் பக்கம் திருப்பி, திருகை முழுதாக அவிழ்த்துவிடுங்கள். நிற்கும் முழங்காலை மடக்குங்கள். அதன்பிறகே பின்காலை இறக்குங்கள். அந்தப் பாதம் சத்தமில்லாமல் தரையில் பட வேண்டும், தொப்பென்று விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. இரு பாதங்களும் ஊன்றியபின் கைகளைத் தொடையில் வைத்து மெதுவாக நிமிர்ந்து, இரண்டு மூச்சு நின்றுவிட்டு, மறுபக்கத்துக்கு நாற்காலியை நகர்த்துங்கள்.